துய்மா என்பது யார் வீட்டுப் பெயர்?

வெளியூரிலிருந்து வரும் உறவினர்களைப் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போனால், துய்மா வீதியின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "மூன்று மஸ்கெட்டியர்கள் கதை எழுதினாரே, அவர் பெயர்தானே இது?"

இல்லை. அந்த வீதிக்குப் பெயர் தந்தவர் பியேர் பெனுவா துய்மா. 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்தவர். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான். மறு வருஷம் மராட்டியர் படையெடுப்பில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டபோது, நவாப் வீட்டுப் பெண்களுக்குப் புதுச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் கொடுத்தவரும் அவரே. எழுத்தாளர் அலெக்சாந்த்ர் துய்மாவின் பெயர் இந்தக் கவர்னர் வழியாக வந்ததல்ல. அது எந்தப் பிரெஞ்சுக்கார ஆணிடமிருந்தும் வந்ததல்ல. கரும்பும் காப்பியும் விளைந்த ஒரு தீவில் விலைக்கு வாங்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் அது.

(ஆங்கில வழியில் படித்த நண்பர்கள் 'டூமாஸ்' என்கிறார்கள். அந்தக் கடைசி எழுத்து ஊமை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் காலத்தில் அதை உச்சரித்தவன் அந்த மணி முடியும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.)

பெரிய மனிதர்களின் தாய்மார்களைப் பற்றி எழுதும்படி வாசக நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கென்று ஒரு வழக்கமான பட்டியல் இருக்கிறது: சிவாஜிக்கு ஜீஜாபாய், காந்திக்குப் புத்லிபாய், நெப்போலியனுக்கு லெத்திசியா. தாய் வீரக்கதை சொன்னாள், விரதம் இருந்தாள், பிள்ளை பெரியவன் ஆனான். இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அரசுப் பணியில் பதினோரு வருஷம் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்த எனக்கு வேறு ஒன்றுதான் உறுத்தும். பதிவேட்டில் தாயின் பெயர் எங்கே இருக்கிறது? எந்த எழுத்தில் இருக்கிறது? யார் அதை எழுதச் சொன்னார்கள்? அப்படிப் பார்த்தால் துய்மா குடும்பத்தைப் போல இன்னொரு குடும்பம் எனக்குத் தெரியவில்லை. தாத்தா தளபதி, மகன் நாவலாசிரியர், பேரன் நாடகாசிரியர். மூவருக்கும் பெயர் அலெக்சாந்த்ர் துய்மாதான். மூவருடைய தாய்மாருக்கும் மூன்று விதமான கதை.

முதலில் தாத்தா.

நோர்மாந்தியில் தாவி தெ லா பய்யெத்ரி என்ற பழைய பிரபுக் குடும்பம். அதில் மூத்த பிள்ளை அந்துவான். குடும்பத்தில் பட்டம் உண்டு, பணம் இல்லை. பிழைப்புத் தேடி சேன்-தொமேங் போனார். இன்று நாம் ஹெய்ட்டி என்று சொல்லும் தேசம் அது. அங்கே தம்பி தோட்டம் வைத்திருந்தார். தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு, தீவின் மேற்கு மூலையில் ழெரெமி என்ற ஊர்ப் பக்கம் வேறு பெயரில் ஒதுங்கி வாழ்ந்தார் அந்துவான். அங்கே அதிக விலை கொடுத்து ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார். அவள் பெயர் மரி-செசெத். துய்மா என்று சேர்த்துச் சொல்வார்கள். பிரெஞ்சில் 'து மா' என்றால் பண்ணையைச் சேர்ந்த என்று பொருள் வரும். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்று சொல்வாருண்டு. பண்ணை மாட்டுக்குச் சூடு போடுவதுபோல.

அவளுக்கும் அந்துவானுக்கும் 1762 மார்ச் 25-ல் ஒரு பையன் பிறந்தான். தொமா-அலெக்சாந்த்ர். அவனோடு வேறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

தம்பிமார் இருவரும் இறந்துவிட்ட பிறகு, நோர்மாந்திச் சொத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்துவான் 1775 கடைசியில் பிரான்சுக்குத் திரும்பினார். கப்பல் செலவுக்குப் பணம் வேண்டுமே? சொந்த மகனை ஒரு கப்பல் தலைவரிடம் அடமானம் வைத்தார். திருப்பி மீட்கலாம் என்ற ஒப்பந்தத்தோடு. மறு வருஷம் மீட்டார். 1776 ஆகஸ்டில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கிய அந்தப் பதினான்கு வயதுப் பையன், கப்பல் பட்டியலில் 'அடிமை' என்றே பதிவாகியிருக்கிறான்.

மற்றப் பிள்ளைகளையும் அவர்களுடைய தாயையும் மீட்கவில்லை. அவர்களை விற்றுவிட்டுத்தான் புறப்பட்டார் என்று, அந்தக் காலத்தில் குடும்பச் சொத்து விவகாரத்துக்காக விசாரித்த ஒருவருடைய கடிதம் சொல்கிறது. மகனுடைய திருமணப் பதிவிலோ தாய் 1772-லேயே இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறது. ஒரே பெண். ஒரு தாளில் செத்துப்போனாள், இன்னொரு தாளில் விற்கப்பட்டாள். பதிவேடு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு தாளும் ஒத்துப்போகாதபோது பெரும்பாலும் ஏதோ ஒரு தாள் யாருக்கோ சௌகரியமாக எழுதப்பட்டிருக்கும்.

பையன் பாரிசில் பிரபு வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தான். வாள் வித்தை, குதிரை, நாடகக் கொட்டகை. பத்து வருஷம் இப்படிப் போனது. எழுபது தாண்டிய தகப்பனார் வீட்டு வேலைக்கு இருந்த அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். கையில் வந்த பணம் சுருங்கியது. மகன் பட்டாளத்தில் சேரப் போவதாகச் சொன்னான். அதுவும் சாதாரணச் சிப்பாயாக. கிழவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் பிரபுக் குடும்பப் பெயரைக் கீழ்நிலைச் சிப்பாய்களின் வரிசையில் இழுக்கக்கூடாது என்றார். சரி என்று சொல்லிவிட்டு, 1786 ஜூன் 2-ம் தேதி, அரசியின் திராகோன் குதிரைப்படைப் பதிவேட்டில் அவன் கொடுத்த பெயர்: அலெக்சாந்த்ர் துய்மா.

அம்மாவின் பெயர். விற்கப்பட்டவளோ செத்துப்போனவளோ, பத்து வருஷத்துக்கு மேலாகக் கண்ணில் காணாதவளின் பெயர். கோபத்தில் எழுதினானா, பாசத்தில் எழுதினானா என்று பதிவேடு சொல்லாது. இரண்டு வாரத்துக்குள் தகப்பனார் காலமானார்.

நம் நாட்டுக்கும் தாய் பெயரால் அறியப்படுவது புதிதல்ல. சாதவாகன அரசன் கௌதமிபுத்ர சாதகர்ணி, அவன் மகன் வாசிஷ்டிபுத்ர புலுமாவி, எல்லோரும் தாயின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டவர்கள். கௌதமி பாலஸ்ரீ தன் மகனைப் புகழ்ந்து பொறித்த கல்வெட்டு நாசிக் குகையில் இன்றும் இருக்கிறது. ஆனால் அவள் ராஜமாதா. அடிமைப் பெண்ணின் பெயரைப் பிரபுவின் மகன் எடுத்துக்கொண்டது வேறு சங்கதி.

அந்தப் பெயரில்தான் அவர் ஏழே வருஷத்தில் தளபதியானார். புரட்சிக் காலம். பிரபுக்களின் தலை உருண்ட நேரத்தில், பய்யெத்ரி என்ற பெயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! 1797-ல் தீரோல் மலையில் ஒரு பாலத்தின் மேல் தனியாக நின்று ஆஸ்திரியக் குதிரைப்படையைத் தடுத்தது இன்றுவரை பேசப்படுகிறது. 1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனார், அங்கே நெப்போலியனோடு மனம் முறிந்தது. திரும்பும் வழியில் கப்பல் பழுதாகி இத்தாலியின் தரந்தோவில் கரையொதுங்க, இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்தபோது உடல் பாழ். அடிமை முறையைப் பிரான்ஸ் 1794-ல் ஒழித்திருந்தது. நெப்போலியன் 1802 மே மாதம் திரும்பக் கொண்டுவந்தான். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 24-ல், தளபதிக்கு மகன் பிறந்தான். நம் நாவலாசிரியர் அவர்தான்.

இனி இரண்டாவது தாய். மரி-லூயிஸ் லபுரே. வில்லேர்-கொத்ரே என்ற சிற்றூரில் சத்திரம் நடத்தியவரின் மகள். 1789 ஆகஸ்டில், கலவரத்துக்குப் பயந்த அந்த ஊர், காவலுக்குப் படை கேட்டது. வந்த குதிரை வீரர்களில் ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம், கறுப்பு நிறம், இவர்கள் வீட்டில் தங்கினார். பெண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. தகப்பனார் நிறத்தைக் காரணம் காட்டவில்லை, பதவி உயர்வு கிடைக்கட்டும் என்று மட்டும் சொன்னார். 1792 நவம்பர் 28-ல் கல்யாணம். 1806 பிப்ரவரி 26-ல் கணவர் இறந்தார், வயிற்றில் புற்றுநோய். மகனுக்கு மூன்றரை வயது.

அப்போது நடந்ததை மகன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அப்பாவை நல்ல கடவுள் எடுத்துக்கொண்டார் என்று யாரோ சொல்ல, கடவுள் வீடு எங்கே என்று கேட்டு, மேலே என்று பதில் வர, பையன் அப்பாவின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். எதிரே அழுதபடி வருகிற அம்மா எங்கே போகிறாய் என்கிறாள். அப்பாவைக் கொன்ற கடவுளைக் கொல்லப் போகிறேன் என்கிறான். நாம் படுகிற துன்பம் போதாதா என்று அவனைக் கட்டிக்கொள்கிறாள். வகுப்பில் இந்தப் பகுதியைப் படித்தபோது பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மரி-லூயிசுக்குப் பென்சன் கிடைக்கவில்லை. சிறையிலிருந்த காலத்துக்கான சம்பள பாக்கியும் வரவில்லை. கணவரின் பழைய தோழர்கள், பெரிய பெரிய மார்ஷல்கள், அவர்களுக்கெல்லாம் எழுதினாள். நெப்போலியனிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரையே எடுக்காதே என்று பதில்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் அப்பா சொல்தா. இந்தோசீனா போய்த் திரும்பியவர். 1963-ல் அவர் காலமானபோது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மாவுக்குக் கைம்பெண் பென்சன் வரவேண்டும். திருமணப் பதிவில் அம்மாவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் ஒருவிதமாக எழுதியிருந்தார்கள், அப்பாவின் பட்டாளப் புத்தகத்தில் இன்னொரு விதமாக. நம் பெயர்களில் 'உ' வருகிற இடமெல்லாம் வெள்ளைக்கார எழுத்தர் இரண்டு எழுத்துப் போடுவார், தமிழ் எழுத்தர் ஒன்று போடுவார். அவ்வளவுதான் வித்தியாசம். ஓர் அலுவலகத்தில் இவள் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து, வாத்தியார் சொல்லிக்கொடுத்த மரியாதைச் சொற்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, மனு மனுவாக எழுதினேன். கீழே அம்மா பெருவிரலை வைப்பாள். "நான்தான்னு எழுதுடா. அந்த ரெண்டு பேரும் நான்தான்னு எழுது" என்பாள். இரண்டு வருஷம் எடுத்தது. அந்த இரண்டு வருஷமும் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அதனால் மரி-லூயிசின் மனுக்களைப் பற்றிப் படிக்கும்போது அந்த எழுத்துக்கள் எனக்குக் கண்ணில் தெரிகின்றன.

1814-ல் நெப்போலியன் விழுந்தான். பழைய அரச குடும்பம் திரும்ப வந்தது. பிரபுக்களுக்கு மறுபடி மவுசு. மரி-லூயிஸ் மகனை உட்காரவைத்துக் கேட்டாளாம்: உனக்கு உன் தாத்தா வழிப் பெயர் இருக்கிறது, தாவி தெ லா பய்யெத்ரி என்று சொல்லிக்கொண்டால் சிபாரிசும் உத்தியோகமும் வரும், அலெக்சாந்த்ர் துய்மா என்றே இருந்தால் குடியரசுத் தளபதியின் மகன், எதுவும் வராது. நீ என்ன பெயரில் இருக்கப் போகிறாய்? பன்னிரண்டு வயதுப் பையன் துய்மா என்றே இருப்பேன் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. தன் பங்குக்கு ஊரில் அரசுப் புகையிலைக் கடை ஒன்றுக்கு உரிமம் வாங்கி நடத்தினாள்.

எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. பென்சனுக்காக எட்டு வருஷம் அலைந்த பெண். ஒரு பெயரை மாற்றினால் கஷ்டம் தீரும். அதுவும் அவள் பார்த்தே இராத மாமியாரின் பெயர், ஓர் அடிமையின் பெயர். முடிவைச் சிறுவனிடம் விட்டுவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை, பையன் பாதிரியாராகிவிட்டால் சோற்றுக்குக் கவலையில்லை என்பது. சுவாசோன் செமினாரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். அவன் காட்டுக்குள் ஓடிப்போய்ப் பறவை பிடிக்கிறவனோடு மூன்று நாள் இருந்துவிட்டு வந்தான். அத்தோடு அந்தப் பேச்சு போயிற்று. கணக்கு வராது, இசை வராது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக வரும்.

1823-ல் அந்தக் கையெழுத்துத்தான் சோறு போட்டது. பாரிசில் தளபதி ஃபுவாவைப் பார்க்கப் போனான். சட்டம் தெரியுமா, கணக்கு தெரியுமா, அல்ஜீப்ரா தெரியுமா? எதுவும் தெரியாது. சரி, விலாசத்தையாவது எழுதிவிட்டுப் போ என்றார். எழுதியதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்: பிழைத்தோம், உனக்கு நல்ல கையெழுத்து இருக்கிறது! ஓர்லெயான் பிரபுவின் அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை. வருஷத்துக்கு 1,200 பிராங்க். மோந்தெ கிறிஸ்தோ எழுதிய கை முதலில் குமாஸ்தாக் கை என்பதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அம்மா கடையை விட்டுவிட்டு மகனோடு பாரிசுக்கு வந்தாள். 1829 பிப்ரவரியில் அவருடைய 'மூன்றாம் ஆன்றி' நாடகம் கொமெதி பிரான்சேசில் அரங்கேற இருந்தது. சில நாள் முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம். அரங்கேற்றத்தன்று ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் நடுவில் ஓடிப்போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிவந்தார். நாடகம் முடிந்தபோது ஊர் முழுக்க அவர் பெயர். அம்மாவுக்கு அது சரியாகப் புரிந்திருக்குமோ என்னவோ. 1838 ஆகஸ்ட் 1-ம் தேதி காலமானார்.

தாயின் பக்கம் இவ்வளவு நின்ற மனிதர், இன்னொரு தாய்க்குச் செய்ததைப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு அவர்மேல் வருத்தம்.

பாரிசுக்கு வந்த புதிதில் பக்கத்து அறையில் லோர் லபே என்று ஒரு தையல்காரி. அவரைவிட வயதில் பெரியவள். 1824 ஜூலை 27-ல் பையன் பிறந்தான். அவனுக்கும் அலெக்சாந்த்ர் என்றே பெயர். தகப்பன் பெயர் இல்லாமல் பதிவானான். லோர் தைத்துச் சம்பாதித்து வளர்த்தாள். துய்மா பணம் இருக்கும்போது கொடுப்பார்.

அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு விசித்திரம். கல்யாணமாகாத தாய், தான் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று அதிகாரிமுன் தனியாக ஒப்புக்கொண்டு பதிவு செய்யவேண்டும். பெற்றால் மட்டும் போதாது. லோருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, தையல் ஊசியோடு இருந்தவள். 1831 மார்ச்சில், பெயரும் புகழும் வந்துவிட்ட துய்மா, திடீரென்று போய் மகனைத் தன் மகனாகப் பதிவு செய்தார். சேதி தெரிந்து லோர் பதறிப்போய்ப் பதிவு செய்தது சில வாரங்கள் கழித்து, ஏப்ரலில். தகப்பன் பதிவு முந்தி, தாய் பதிவு பிந்தி. வழக்கு நடந்தது. ஏழு வயதுப் பையன் தகப்பன் பொறுப்பு என்று ஆயிற்று. தகப்பன் வீட்டிலா வைத்துக்கொண்டார்? விடுதிப் பள்ளியில் போட்டார்.

அந்த விடுதியில் பணக்காரப் பிள்ளைகள், அவர்களில் சிலருடைய வீட்டுக்கு லோர் துணி தைத்துக் கொடுப்பவள். தையல்காரி மகனே, தகப்பன் இல்லாதவனே என்று பையனைப் பிய்த்தெடுத்தார்கள். அவன் ஆயுசு முழுக்க அதை மறக்கவில்லை.

அரசு வேலையில் ஒருநாள். ஓர் அம்மாள் ஏழெட்டு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், சான்றிதழில் தகப்பன் பெயர் காலியாக இருக்கிறதாம். எதையாவது எழுதிக் கொடுங்கள் ஐயா என்றாள். பதிவேட்டில் இல்லாததை எழுத முடியாது. தாயின் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில், பிழையில்லாமல், முத்திரையோடு எழுதிக்கொடுத்து, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதமும் மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்தேன். பையன் மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, அம்மா பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. 2015-ல், கல்யாணமாகாத தாய் கேட்டால் தகப்பன் பெயரைக் கேட்டு வற்புறுத்தாமல் பிறப்புச் சான்று கொடுக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னபோது நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தினசரியில் அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தப் பையனுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லோரின் மகன் கதைக்கு வருகிறேன். அவர்தான் 1848-ல் 'காமெலியா பெண்மணி' நாவலை எழுதிய சின்ன துய்மா. பிரெஞ்சில் அவருக்குப் 'பீஸ்' என்று, அதாவது மகன் என்று, அடைமொழி இன்றும் உண்டு. 1858-ல் 'முறைசாரா மகன்' என்று ஒரு நாடகமே போட்டார். பெண்ணை ஏமாற்றியவன் பிள்ளைக்குப் பெயர் கொடுக்கவேண்டும், அவளை மணக்கவேண்டும் என்பதுதான் அவர் மேடையேற்றிய வாதம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா, நெளிந்திருப்பாரா, தெரியாது. அப்பாவுக்குக் கிடைக்காத பிரெஞ்சு அகாதெமி இருக்கை 1874-ல் மகனுக்குக் கிடைத்தது.

வயதான காலத்தில் தாயையும் தகப்பனையும் எப்படியாவது கல்யாணம் செய்துவைத்துவிடவேண்டும் என்று மகன் முயன்றார். எழுபது வயதைத் தொட்டிருந்த லோர் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் தாமதம், அத்தோடு அந்த மனிதர் என் சின்ன வீட்டுக்குள் அடங்கமாட்டார் என்ற பொருளில் பதில் சொன்னாராம். தைத்துப் பிழைத்தவளுக்கு அளவு தெரியாதா! 1868-ல் காலமானார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு 'மோந்தெ கிறிஸ்தோ'வை மறுபடி எடுத்தேன். பள்ளியில் படித்தபோது புதையல்தான் கண்ணில் பட்டது. இப்போது வேறு ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். எத்மோனைக் காட்டிக்கொடுத்த பெர்னான், பிரபுப் பட்டம் வாங்கி, மெர்செதேசை மணந்து வாழ்கிறான். அவர்களுக்கு ஒரே மகன் அல்பேர். தகப்பனின் துரோகம் வெளிப்பட்டதும் அல்பேர் என்ன செய்கிறான்? பிரபுப் பட்டத்தையும் தகப்பன் பெயரையும் உதறிவிட்டு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான எரேரா என்ற பெயரில், ஆப்பிரிக்காவில் போரிடும் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்துவிடுகிறான்.

1786 ஜூன் 2. அரசியின் திராகோன் படை. தந்தை பெயரை விட்டுத் தாய் பெயரில் சிப்பாய். அப்பாவின் கதையைத்தான் அவர் அல்பேருக்குக் கொடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். விமர்சகர்கள் தரந்தோ சிறையையும் எத்மோனின் சிறையையும் ஒப்பிட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர் மாற்றம் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மரி-செசெத்தைப் பற்றித் தன் நினைவுக் குறிப்புகளில் சில வரிக்குமேல் சொல்லாத மனிதர், நாவலில் இந்த இடத்தில் அவளுக்குக் கடன் தீர்த்திருக்கிறார். லோருக்கு எங்கே தீர்த்தார் என்று தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. அதை மகன்தான் தீர்க்கவேண்டியிருந்தது.

நம் தமிழ் ரசிகர்களுக்கும் இந்த வீட்டோடு ஒரு தொடர்பு உண்டு. பி.யு. சின்னப்பா 1940-ல் இரட்டை வேடம் போட்ட 'உத்தமபுத்திரன்', இரும்பு முகமூடி மனிதன் கதையிலிருந்து வந்தது. பிறகு 1958-ல் சிவாஜி அதே பெயரில் நடித்தார். கொட்டகையில் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதைக்காரரின் பாட்டி யார் என்று தெரிந்திருக்கும்?

பாரிசில் ஒரு சதுக்கத்தை மூன்று துய்மாக்களின் சதுக்கம் என்றே சொல்வார்கள். நாவலாசிரியருக்கும் மகனுக்கும் அங்கே சிலை. தளபதியின் சிலையை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது உருக்கிவிட்டார்கள். அதற்கு ஈடாக 2009-ல் அங்கே வைத்தது ஆள் உருவம் அல்ல, அறுந்துபோன இரண்டு பெரிய விலங்குகள். அடிமைக்குப் போடும் கால்விலங்கு. அதைச் செய்தவர் மகனை நினைத்துச் செய்திருப்பார். எனக்குப் படத்தில் பார்த்தபோது தாயின் ஞாபகம்தான் வந்தது.

நாவலாசிரியர் 1870 டிசம்பர் 5-ல், பிரஷ்யப் போரின் நடுவில், மகன் வீட்டில் இறந்தார். போர் ஓய்ந்ததும் 1872-ல் உடலை வில்லேர்-கொத்ரேக்குக் கொண்டுபோய் அப்பா, அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அதுதான் அவர் விரும்பியது. நூற்று முப்பது வருஷம் அங்கேதான் இருந்தார். 2002-ல், பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி, பாந்தெயோனுக்கு மாற்றப் பிரான்ஸ் முடிவு செய்தது. நவம்பர் 30 இரவு, நீல வெல்வெட் போர்த்திய பெட்டி, மஸ்கெட்டியர் உடையில் நான்கு பேர், ஜனாதிபதி சிராக் உரை. இப்போது அவர் விக்தோர் யுகோவுக்கும் எமில் சோலாவுக்கும் பக்கத்தில் இருக்கிறார். வில்லேர்-கொத்ரே கல்லறையில் தளபதியும், புகையிலைக் கடை மரி-லூயிசும் இருக்கிறார்கள்.